கார்புரேட்டர் தெரியாதவனெல்லாம் விமானியா?

செஸ்னாக்காரன்: "செஸ்னா 152 என்ற பழைய பயிற்சி விமானத்தைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள், முள் வைத்த மானிகளுக்குப் பதிலாக ஜி1000 என்ற கணினித் திரை இருந்தால் போதும்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். அந்த மேதை கார்புரேட்டர் ஹீட் குமிழை ஒருமுறையாவது இழுத்திருப்பாரா? எரிபொருளையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் விடும் பாகம் கார்புரேட்டர்; அதில் பிடிக்கும் பனியைச் சூடான காற்றை விட்டு உருக்குவதுதான் இந்தக் குமிழ். இறங்கும்போது பனி பிடித்தால் எஞ்சின் சுழல்வேகம் (ஆர்.பி.எம்.) சத்தமில்லாமல் குறையும். குமிழை இழுத்தால் இன்னும் குறையும், எஞ்சின் இருமும். புதியவன் பயந்துபோய் உள்ளே தள்ளிவிடுவான். பொறுத்திருப்பவனுக்குத்தான் பனி உருகி முள் மேலே ஏறும். இதை எந்தத் திரை கற்றுத்தரும்?

நீலவானம்: எழுதியவன் நான்தான். நான் கற்ற டிஏ40 பயிற்சி விமானத்தில் கார்புரேட்டரே கிடையாது. இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு? அதுவும் சென்னை வெயிலில் பனியாம்!

செஸ்னாக்காரன்: சிரியுங்கள். கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்றழுத்தம் குறைவதும் எரிபொருள் ஆவியாவதும் சேர்ந்து வெப்பத்தை 20 டிகிரிக்கு மேலும் இறக்கிவிடும். வெளியே 25 டிகிரி இருந்தாலும், ஈரக்காற்றாக இருந்தால் உள்ளே பனி பிடிக்கும். சென்னையில் ஈரத்துக்கா பஞ்சம்?

ஓடுபாதை: 2010-இல் அமெரிக்காவின் விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பி வெளியிட்ட ஆய்வில், திரை வைத்த சிறு விமானங்களுக்கு மொத்த விபத்து விகிதம் குறைவு, உயிர்ப்பலி விபத்து விகிதம் அதிகம். இதைப் பற்றிப் பேசலாமே?

நீலவானம்: பழைய முள் மானிகள் வைத்தவை அதிகம் பயிற்சிக்குப் பறந்தவை, திரை வைத்தவை நெடுந்தூரம் போனவை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. பாதியை மட்டும் படிப்பது உங்கள் வழக்கம். இருக்கட்டும், நாளை ஏ320 பயணிகள் ஜெட்டில் உட்காரப் போகிறவனுக்குக் கார்புரேட்டர் ஹீட் எந்தப் பக்கம் இருக்கும், அண்ணா?

செஸ்னாக்காரன்: 2009-இல் ஏர் பிரான்ஸ் 447 விமானம் விழுந்து 228 பேர் போனார்களே, எதில் தொடங்கியது? வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாயில் பிடித்த பனியில்!

நீலவானம்: பிட்டோவும் கார்புரேட்டரும் ஒன்றா? அப்படியானால் குளிர்பதனப் பெட்டியிலும் பாடம் நடத்துங்கள். பழையதே உயர்வென்றால் நம் விமானப்படையின் தீபக் பயிற்சி விமானம் என்னாயிற்று? 2009-இல் விபத்துக்குப் பிறகு தரையில் நிறுத்தினார்கள், 2013-இல் அதன் இடத்துக்குப் பிலாட்டஸ் பயிற்சி விமானம் வந்தது.

செஸ்னாக்காரன்: தீபக்கின் எஞ்சினிலும் கார்புரேட்டர் இல்லை, தம்பி. உங்கள் டிஏ40 போல அதுவும் எரிபொருளைப் பீய்ச்சுகிற எஞ்சின்தான். ஆள் மாறி அடிக்கிறீர்கள்.







புதுமுகம்: ஐயா, என் தம்பி பயிற்சியில் சேரப் போகிறான். எதில் சேர்ப்பது?

செஸ்னாக்காரன்: அங்கே கார்புரேட்டர் ஹீட் குமிழ் இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

நீலவானம்: இருந்தால், வேறு பள்ளி பார்க்கச் சொல்லுங்கள்.