"உட்கார், உபு, உட்கார்": கடைசி மூணு விநாடிக்கு இவ்வளவு உருகணுமா?

பழைய_டேப்:
நேத்து ராத்திரி 'ஃபேமிலி டைஸ்' பார்த்துக்கிட்டிருந்தேன். 1982லேர்ந்து 89 வரைக்கும் அமெரிக்காவோட என்பிசி சேனல்ல வந்த சிட்காம், அதாவது நகைச்சுவைத் தொடர். எபிசோட் முடியுது, பெயர்கள் ஓட ஆரம்பிக்குது, டக்குனு படம் சுருங்கி மூலைக்குப் போயிடுச்சு. "அடுத்த எபிசோட் 5 விநாடியில்"னு பெட்டி. நான் உட்கார்ந்திருந்ததே அந்த நாய்க்காகத்தான்யா!

தெரியாதவங்களுக்கு: அதைத் தயாரிச்ச கேரி டேவிட் கோல்ட்பர்க் தன் கம்பெனிக்கு வச்ச பேரு 'உபு புரொடக்‌ஷன்ஸ்'. உபு அவரோட கறுப்பு லாப்ரடார். வாயில ஃபிரிஸ்பி தட்டைக் கவ்விக்கிட்டு நிக்கிற ஒரு போட்டோ வரும். பின்னாடி அவரே "உட்கார், உபு, உட்கார்! நல்ல நாய்!"னு இங்கிலீஷ்ல சொல்வாரு. ஒரே ஒரு குரைப்பு. அவ்வளவுதான். அது இல்லாம எனக்கு எபிசோட் முடிஞ்ச மாதிரியே இல்ல. வெட்டுறவங்களுக்கு எப்படிய்யா மனசு வருது?

கணக்கர்:
மனசெல்லாம் எதுக்கு சார். அது ஒரு கம்பெனி முத்திரை. சாப்பிட்டு முடிச்சப்புறம் பில்லுல இருக்கிற ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்து யாராவது கண் கலங்குவாங்களா? தீப்பெட்டி லேபிள் சேர்க்கிறவர்கூட "படம் அழகா இருக்கு"ம்பார், "இது இல்லாம தீ எரியல"ன்னு சொல்ல மாட்டார். நீங்க தேடுறது நாயை இல்ல, உங்க பத்து வயசை.

வழிப்போக்கன்:
பத்து வயசைத் தேடினா என்ன தப்பு?

ஸ்கார்பரோ_சீலன்:
நான் பத்து வயசைத் தேடேல்ல, கணக்கர் அண்ணை. அந்த வயசு அவ்வளவு நல்ல வயசும் இல்லை. 89ல நாங்கள் கனடாவுக்கு வந்து இறங்கேக்க எனக்கு ஒன்பது. அப்பாக்கு இரவு வேலை, அம்மாக்குப் பகல் வேலை. பள்ளிக்கூடத்தால வந்தா நானும் அண்ணாவும் ரீவியும்தான். அவையள் என்ன கதைக்கினம் எண்டு ஒண்டும் விளங்காது. பின்னுக்குச் சனம் சிரிக்கிற சத்தம் கேட்டா நாங்களும் சிரிப்பம். ஆனா கடைசியில அந்த மனிசன் நாய்க்குச் சொல்லுறது மட்டும் முழுசா விளங்கிச்சுது. சின்னச் சொல்லு, நிறுத்தி நிறுத்திச் சொல்லுவார். அரைமணித்தியாலத்தில எனக்கெண்டு பேசின ஒரே வசனம் அது. அண்ணா என்னைச் சாப்பிட இருத்துறதே அப்பிடிச் சொல்லித்தான்.

கணக்கர்:
தம்பி, உங்க கதை உண்மையிலேயே நல்லா இருக்கு. ஆனா அது உங்க வீட்டுக் கதை. அதை வச்சு லோகோவுக்கெல்லாம் கலை அந்தஸ்து கொடுத்துட முடியாது.

மீனா_டி:
எல்லா லோகோவுக்கும் வேண்டாம். எம்டிஎம் பூனைக்குக் கொடுக்கலாம் இல்லையா? நடிகை மேரி டைலர் மூரும் அவர் கணவர் கிரான்ட் டிங்கரும் 1969இல் தொடங்கிய நிறுவனம். எம்ஜிஎம் சினிமா கம்பெனியின் சிங்கம் கர்ஜிக்கிற அதே மாதிரி வளையத்துக்குள் ஒரு ஆரஞ்சுப் பூனைக்குட்டி, பெயர் மிம்ஸி, "மியாவ்" என்று ஒரு தடவை. சினிமாவின் பெரிய ராஜாவைப் பார்த்துச் சின்னத்திரை செய்த கிண்டல் அது. அதோடு நிற்கவில்லை. 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' முடிந்தால் பூனை தலையில் போலீஸ் தொப்பி. 'நியூஹார்ட்' முடிந்தால் அதன் நாயகன் பாப் நியூஹார்ட்டே அசட்டையாக "மியாவ்" என்பார். மருத்துவமனைத் தொடரான 'செயின்ட் எல்ஸ்வேர்' முடிந்தால் ஆபரேஷன் முகமூடி.

அந்தத் தொடரின் கடைசி எபிசோட் 1988 மே மாதம் வந்தது. பெயர்கள் ஓடுகிற நேரம் முழுக்க மிம்ஸி படுத்துக் கிடக்கிறது, பக்கத்தில் இதயத் துடிப்பு காட்டும் கருவி. கடைசியில் கோடு நேராகிவிடும். சிரிக்கவா அழவா என்று தெரியாமல் உட்கார வைத்தார்கள். ரப்பர் ஸ்டாம்ப் இதைச் செய்யுமா?

(இது சிட்காம் இல்லை, டிராமா என்று யாரும் கிளம்ப வேண்டாம். பூனை ஒன்றுதான்.)

கணக்கர்:
கிளம்பத்தான் நினைச்சேன். சரி, பூனையை விட்டுடறேன். மத்ததெல்லாம்? 'பிவிட்ச்ட்', 'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி' மாதிரி சிட்காம் முடிவுல 1965லேர்ந்து வந்த ஸ்கிரீன் ஜெம்ஸ் கம்பெனி லோகோவைப் பாருங்க. சிவப்புக் கோடு ரெண்டு ஒரு புள்ளியைச் சுத்தி வளைஞ்சு 'எஸ்' ஆகும். எரிக் சைடேங்கிற இசையமைப்பாளர் போட்ட எலக்ட்ரானிக் ஒலி, யாரோ தகரத்தை இழுக்கிற மாதிரி. அந்தக் காலத்துப் பிள்ளைங்க அதுக்கு வச்ச பேரு "நரகத்து எஸ்". வயாகாம் கம்பெனியோட 'வி' திரையிலேர்ந்து முகத்துக்கு நேரா பாய்ஞ்சு வரும், அதுக்குப் பேரு "அழிவின் வி". பயந்து நடுங்கினதைக்கூட இப்ப ஏக்கம்ங்கிறீங்க. இதுக்குத்தான் சொல்றேன், தரத்துக்கும் இந்த உருகலுக்கும் சம்பந்தமே இல்ல.

பழைய_டேப்:
பயமும் சேர்த்துத்தான் சார்! அரைமணி நேரம் 'பிவிட்ச்ட்'ல மூக்கை ஆட்டி மாயம் பண்ற பொண்ணோட சிரிச்சுட்டு, கடைசியில அந்த எஸ். பாட்டி பேய்க்கதை சொல்லி முடிச்சு விளக்கை அணைக்கிற மாதிரி. 2010ல அந்த ஒரு லோகோவைப் பத்தியே ஒரு குறும்படம் எடுத்தாங்க, பெரியவங்க உட்கார்ந்து சின்ன வயசுல எப்படிப் பயந்தோம்னு சொல்வாங்க. சும்மா ஸ்டாம்புன்னா இத்தனை வருஷம் நிக்குமா?

மீனா_டி:
எனக்கு இதில் உருகலைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது. அந்த லோகோக்கள் ஏன் அவ்வளவு வகைவகையாக இருந்தன? 1970இல் அமெரிக்க அரசு ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி என்ற மூன்று பெரிய சேனல்களும் தாங்கள் ஒளிபரப்பும் பெரும்பாலான தொடர்களில் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது, மறுஒளிபரப்பு வியாபாரமும் செய்யக் கூடாது. சிபிஎஸ் தன் மறுஒளிபரப்புப் பிரிவைக் கழற்றிவிட்டதில் பிறந்ததுதான் வயாகாம். உங்கள் "அழிவின் வி" சட்டம் பெற்ற பிள்ளை, கணக்கரே. தொடரின் சொந்தக்காரர் வெளியே இருந்ததால் எம்டிஎம், உபு மாதிரி எழுத்தாளர்களும் நடிகர்களும் நடத்திய கம்பெனிகள் தழைத்தன. நாய், பூனை எல்லாம் அந்தச் சொந்தக்காரர்களின் கையெழுத்து. 1990களின் நடுவில் அந்த விதி போனது. சேனல்களே தயாரிப்பாளர்கள் ஆனார்கள், கையெழுத்துகள் குறைந்தன.

கணக்கர்:
இப்பதான் பேச்சு பேச்சா இருக்கு. ஆனா கணக்கு இடிக்குது மேடம். விதிக்கு 20 வருஷம் முன்னாடியே டெசிலூன்னு ஒரு தயாரிப்புக் கம்பெனி இருந்துச்சே? நடிகர் தம்பதி டெசி ஆர்னாஸ், லூசில் பால், ரெண்டு பேரையும் ஒட்டி வச்ச பேரு. விதியா அதைப் பெத்துச்சு? எம்டிஎம் தொடங்கின 1969ம் விதிக்கு முந்தினது. அப்புறம் அந்த எம்டிஎம்மை 1988லயே, விதி உயிரோட இருக்கும்போதே, ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சிக் கம்பெனிக்கு வித்தாச்சு. விதியும் காப்பாத்தல, பூனையும் காப்பாத்தல. பணம் வந்துச்சு, கொடுத்துட்டாங்க.

மீனா_டி:
விற்றது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் டெசிலூவை நீங்கள் இழுத்திருக்க வேண்டாம். அதை 1967இல் ஒரு பெரிய கூட்டு நிறுவனம் வாங்கி பாரமவுன்ட்டோடு கரைத்துவிட்டது. விதி வருமுன் அப்படி விழுங்குவது சுலபம் என்பதற்கு அதுவே சாட்சி.

கணக்கர்:
விதி இருந்தும் விழுங்கினாங்கங்கிறதுக்கு எம்டிஎம் சாட்சி. ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு.

வழிப்போக்கன்:
சிட்காம் தயாரிப்பாளர் சக் லோரியை மறந்துட்டீங்களே. 1997ல 'தர்மா அண்ட் கிரெக்'லேர்ந்து, கடைசியில ஒரு விநாடிக்கு ஒரு பக்கம் நிறைய எழுத்து போடுவார். வீடியோவை நிறுத்தினாத்தான் படிக்க முடியும். மனுஷன் அதுல தன் புலம்பலெல்லாம் எழுதுவார். 'பிக் பேங் தியரி'யிலயும் விடல. கையெழுத்து ஒண்ணும் அழிஞ்சு போகல.

பழைய_டேப்:
அதுவும் நிறுத்தினாத்தானே! இப்ப நிறுத்தறதுக்குள்ள அடுத்த எபிசோட் ஓடுது. இதுல இன்னொரு கொடுமை, நாங்க "பிளாஸ்டர்"னு சொல்வோம். கம்பெனி கைமாறினதும் பழைய லோகோவை எடுத்துட்டு புது முதலாளியோட லோகோவைப் பூசிடறது. பழைய 'பிவிட்ச்ட்' எபிசோட்ல எஸ் வரவேண்டிய இடத்துல, அப்ப பிறக்கவே பிறக்காத கம்பெனி பேரு மின்னும். சில சமயம் பழைய இசை பாதி ஒட்டிக்கிட்டு, படம் வேறயா நிக்கும். கோயில் கல்வெட்டு மேல எனாமல் பெயின்ட் அடிச்சு உபயதாரர் பேரு எழுதற கதைதான்.

கணக்கர்:
கல்வெட்டுன்னு சொன்னதால ஒண்ணு ஒத்துக்கிறேன். யார் எப்பத் தயாரிச்சாங்கங்கிற பதிவு அது. அதை மாத்தறது பொய். ஆவணமா அப்படியே வைக்கணும், அதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா 'இது இல்லாம எபிசோடே முடியல'ன்னு சொன்னா அப்பவும் சிரிப்பேன்.

மீனா_டி:
முதல் பதிவில் "ரப்பர் ஸ்டாம்ப்" என்று சொன்னவர் நீங்கள்தானே?

கணக்கர்:
ரப்பர் ஸ்டாம்பும் ஆவணம்தான் மேடம். எங்க ஆபீஸுக்கு வந்து பாருங்க.

ஸ்கார்பரோ_சீலன்:
இந்தத் திரியைப் பாத்திட்டு அந்த நாயைப் பற்றித் தேடினனான். அந்தப் போட்டோ பாரிஸில, லூவர் அருங்காட்சியகத்துக்குக் கிட்ட இருக்கிற பூங்காவில எடுத்ததாம். கோல்ட்பர்க் காசில்லாமல் ஐரோப்பா சுற்றின காலத்தில கூடவே திரிஞ்ச நாய். 1984ல செத்துப் போச்சுதாம். 96ல தொடங்கின 'ஸ்பின் சிட்டி'யிலயும் அதுதான் குரைச்சது.

நான் கேட்டது 89ல. அப்பவே அது செத்து அஞ்சு வருசம். இரவு அண்ணாக்கு ஃபோன் எடுத்துச் சொன்னனான். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு "இரடா, சாப்பிட்டியா" எண்டார்.

கணக்கர்:
பழைய_டேப் சார், செட்டிங்ஸுக்குள்ள போங்க, 'அடுத்த எபிசோட் தானாக ஓடட்டும்'னு ஒரு டிக் இருக்கும். அதை எடுத்து விடுங்க. அப்பவும் படம் மூலைக்குச் சுருங்கினா, அந்தச் சின்னப் பெட்டி மேலயே அமுக்குங்க, பெரிசாயிடும். நாய் வரும்.

நேத்து நான் அப்படித்தான் பார்த்தேன்.