ஹகோடதே பயணம்: போய் வந்த பிறகு ஒரு புதுப்பிப்பு

வசந்தத்தில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் இருக்கும் ஹகோடதே ஊருக்குப் போகிறேன், எதைப் பார்க்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன், மலை, காலைச் சந்தை, கோர்யோகாகு கோட்டை என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். போய் வந்தாச்சு, எல்லாருக்கும் நன்றி.

முதலில் மலை. உயரம் 334 மீட்டர்தான், ரோப்வேயில் ஏறினால் சில நிமிடம். இருட்டிய பிறகு போகாதீர்கள், சூரியன் மறைவதற்கு முன்பே போய்க் கம்பியோரம் இடம் பிடித்துவிடுங்கள், ஏனென்றால் இரண்டு பக்கமும் கடல் நெருக்க நடுவில் இடுப்பு சிறுத்துக் கிடக்கும் ஊரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிப்பதுதான் அங்கே பார்க்க வேண்டியதே. காற்று பின்னி எடுக்கிறது, ஜாக்கெட் கட்டாயம்.

சந்தையில் தொட்டியிலிருந்து கணவாயை நாமே தூண்டில் போட்டுப் பிடிக்கலாம். தூக்கியதும் பீச்சியடிக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அங்கேயே கண்ணாடி மாதிரி மெல்லிசாக அரிந்து இஞ்சியோடு தருகிறார்கள், தட்டில் கால்கள் இன்னும் நெளிகின்றன. எனக்குப் பிடித்தது, கூட வந்தவருக்கு ஆகவில்லை.

கோர்யோகாகு கோட்டைக்குள் நடந்தால் நட்சத்திர வடிவம் தெரியாது, பக்கத்துக் கோபுரத்தில் ஏறியே ஆகவேண்டும். 1869-இல் போஷின் போர் என்ற ஜப்பானிய உள்நாட்டுப் போர் முடிந்தது இங்கேதான். செர்ரி பூப்பது ஏப்ரல் கடைசியில்.

அப்புறம் ஒன்று, ஷின்கான்சென் புல்லட் ரயில் நிற்கும் ஷின்-ஹகோடதே-ஹொகுதோ நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்து இன்னொரு ரயில் பிடிக்கணும். ஊருக்குள் டிராம் போதும்.