மரியாடிபி கலேரா: ஒரு நோடு போனதும் இன்னொன்றும் ஏன் நின்றது?

கதிர்91:
வணக்கம். ஓர் ஆஸ்பத்திரி பில்லிங்குக்கு மரியாடிபி கலேரா (ஒரே டேட்டாபேஸைப் பல சர்வர்களில் ஒன்றுபோல வைக்கும் கிளஸ்டர்), இரண்டு நோடு, அதாவது இரண்டு சர்வர், போட்டிருக்கிறேன். போன மாதம் இரண்டாவது நோடில் சர்வீஸை ஸ்டாப் கொடுத்துச் சோதித்தபோது முதல் நோடு அசையாமல் ஓடியது. இன்று காலை இரண்டாவதன் யுபிஎஸ் படுத்துவிட்டது. முதல் நோடு உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் டேட்டாவைப் படிக்கும் செலக்ட் கூடப் போகவில்லை. எர்ரர் 1047. கிளஸ்டர் ஸ்டேட்டஸ் 'நான்-பிரைமரி', அதாவது வேலையை ஏற்காத நிலை. கவுண்டரில் கையால் பில் எழுதுகிறார்கள். ரீஸ்டார்ட் செய்யலாமா?

பழைய டிபிஏ:
ரீஸ்டார்ட் வேண்டாம் தம்பி, டேட்டா பத்திரமாக இருக்கிறது. ஸ்டாப் கொடுத்தால் நோடு சொல்லிவிட்டுப் போகும். கலேரா ஆள்கணக்கை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளும். இன்று சொல்லாமல் போய்விட்டது. இரண்டில் ஒன்று சரிபாதி. பாதிக்கு மேல் இருந்தால்தான் கோரம், அதாவது வேலை செய்யத் தேவையான பெரும்பான்மை. எதிர்நோடு செத்ததா, நடுவில் கேபிள் அறுந்ததா என்று இதற்குத் தெரியாது. இரண்டும் தனித்தனியே எழுத ஆரம்பித்தால் பில் கணக்கை அப்புறம் யாராலும் சேர்க்க முடியாது. அதனால்தான் நின்றது.

இரண்டாவது பெட்டியை நேரில் போய்ப் பாருங்கள். நிஜமாகவே அணைந்திருந்தால் மட்டும், முதல் நோடின் புரொவைடர் ஆப்ஷனில் (கலேரா செட்டிங்கில்) பிசி.பூட்ஸ்ட்ராப்=யெஸ் கொடுங்கள், அது இந்த நோடை மறுபடி பிரைமரியாக்கும்.

கதிர்91:
விளக்கே எரியவில்லை, பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். கொடுத்ததும் பிரைமரி, கிளஸ்டர் சைஸ் 1. பில் போகிறது. ரொம்ப நன்றி அண்ணா! இனி நடக்காமலிருக்க பிசி.இக்னோர்_எஸ்பி போடலாமா?

பழைய டிபிஏ:
அதைத் தொடவே தொடாதீர்கள். கேபிள் அறுந்தால் இரண்டு பக்கமும் எழுத விட்டுவிடும். மூன்றாவது ஓட்டுக்குத் தனிப் பெட்டியில் கார்ப்டி (கோரக் கணக்கில் ஓட்டு மட்டும் போடும் கலேரா புரோகிராம்) போடுங்கள். அது டேட்டா வைக்காது, பழைய டெஸ்க்டாப் போதும். ஆனால் நோடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ரெப்ளிகேஷன் டிராஃபிக் அதற்கும் போகும், நெட்வொர்க் நன்றாக இருக்கட்டும். சோதிக்கும்போது ஸ்டாப் கொடுக்காமல் கேபிளைப் பிடுங்குங்கள்.

கதிர்91 (மறுநாள்):
இரண்டாவது நோடு திரும்பச் சேர்ந்துவிட்டது, கார்ப்டியும் போட்டாயிற்று. இரண்டாவதன் கேபிளைப் பிடுங்கினேன். பில் ஸ்கிரீன் ஐந்தாறு விநாடி அப்படியே நின்றது, அப்புறம் தானாக ஓடியது. சைஸ் 3-லிருந்து 2.

நைட்ஷிப்ட்:
சந்தோஷம். கார்ப்டி பெட்டிக்கு கரண்ட் எங்கிருந்து வருகிறது?

கதிர்91:
இரண்டாவது நோடின் அதே யுபிஎஸ். ஐயோ, அது போனால் இரண்டு ஓட்டும் சேர்ந்து போகுமே! மருந்தகக் கவுண்டரில் தனி யுபிஎஸ் இருக்கிறது, இன்றைக்கே பெட்டியை அங்கே மாற்றுகிறேன்.