மலிவான மாத்திரையை அம்மா நம்ப மறுக்கிறார்

சாட்ஸ்வொர்த் மகள்:
நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். நேற்று அம்மாவின் சமையலறையில் எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் தூள் கிடந்தது. இரத்த அழுத்த மாத்திரையைக் காய் நறுக்கும் கத்தியால் பாதியாக வெட்டி, ஒரு மாத மருந்தை இரண்டு மாதம் ஓட்டுகிறார். பொங்கலுக்கு முன்பிருந்தே இப்படித்தானாம். விலை கட்டுப்படியாகவில்லை, என்னிடம் கேட்கவும் மனம் வரவில்லை. கடையில் ஜெனரிக் மாத்திரை, அதாவது பிரபலப் பெயர் இல்லாத மாற்று மாத்திரை, மூன்றில் ஒரு பங்கு விலைதான். "டாக்டர் எழுதிய பெட்டிதான் வேண்டும், மட்டமானதை விழுங்கமாட்டேன்" என்கிறார் அம்மா. இரண்டும் ஒன்றுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ் மருந்தாளுநர், டர்பன்:
தங்கச்சி, முதலில் அந்தக் கத்தியை வாங்கி வையுங்கள். பக்கவாதம் சொல்லிவிட்டு வராது. ஜெனரிக்கிலும் அதே மருந்துதான், அதே அளவுதான். நிறமும் பெயரும் வேறு. மலிவான மாற்று இருந்தால் அதை நாங்கள் சொல்லியே ஆகவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். நோயாளி மறுத்தாலோ, மாற்றக் கூடாது என்று டாக்டர் கைப்பட எழுதியிருந்தாலோ ஒழிய, அதைத்தான் கொடுக்கவும் வேண்டும். அதுவும் முடியாவிட்டால் அரசு கிளினிக்குக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே காசு கேட்கமாட்டார்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், டர்பன்:
மலிவான மருந்துக்கு வழிவிட, தம்பி சொல்லும் அந்தச் சட்டம் 1997இல் வந்தது. அதைத் தடுக்க 39 மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. அப்போது எய்ட்ஸுக்கான கூட்டு மருந்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். என் வார்டில் ஓர் இளம் தாய், மருந்து இருக்கிறது என்று தெரிந்தே செத்தாள். அவள் குழந்தையின் பின்னலை நான்தான் அன்று அவிழ்த்துப் பின்னிவிட்டேன். 2001 பிப்ரவரியில் இந்தியாவின் ஜெனரிக் மருந்து நிறுவனமான சிப்லா, எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற தொண்டு அமைப்புக்கு அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஏப்ரலில் அந்த 39 நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. பிறகு ஜெனரிக் மாத்திரை விழுங்கி எழுந்து நடந்தவர்களை என் கண்ணால் பார்த்தேன். மட்டம் என்ற சொல்லை என்னால் பொறுக்க முடியாது. அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டு, மகளே.

சாட்ஸ்வொர்த் மகள்:
வாசித்தேன், அக்கா. பின்னலைப் பற்றிய இடம் வந்ததும் அம்மா கையை நீட்டிப் பழைய பெட்டியை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிய எழுத்தின் கீழே சிறிய எழுத்தில் இருந்த மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். "இதே பெயர் அந்தப் பெட்டியிலும் இருக்கிறதா, நானே பார்க்க வேண்டும்" என்றார். நாளைக் காலை கடைக்குப் போகிறோம்.