பச்சை மையும் 203 தபால் வாக்குகளும்

முன்னாள் தலைமையாசிரியர்:
நேற்று 'வள்ளியூர் வக்கீல்' என்பவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "2016 சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியில் திமுகவின் அப்பாவு 49 வாக்கில் தோற்றார். அவரைத் தோற்கடித்தது அதிமுகவின் இன்பதுரை அல்ல, வாத்தியார்கள். ஒரு படிவத்தில் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றுகூடத் தெரியாத 203 பேர்." முப்பத்து மூன்று ஆண்டு சாக்பீஸ் பிடித்தவன் நான். பதினொரு தேர்தல்களில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன். யாருக்குப் படிவம் நிரப்பத் தெரியாது? தேர்தல் பணிக்குப் போன அவர்கள் அனுப்பிய அந்த 203 தபால் வாக்கு உறைகளிலும் சான்றுக் கையெழுத்து இருந்தது. போட்டவர்கள் தலைமையாசிரியர்கள். அந்தக் கையெழுத்து செல்லாது என்று வாக்கு எண்ணும் மேசையில் உட்கார்ந்தவர்கள் சொன்னார்கள். தவறு போட்டவனுடையதா, தள்ளியவனுடையதா?

வள்ளியூர் வக்கீல்:
சாப்பாடு இறங்காததற்கு நான் பொறுப்பல்ல அண்ணாச்சி. விதி இதுதான்: தபால் வாக்குடன் வைக்கும் 13-ஏ உறுதிமொழியில் கெசட்டட் அதிகாரி, அதாவது அரசிதழில் பெயர் வெளியாகிற, வழக்கமாகப் பச்சை மையில் கையெழுத்திடுகிற அரசு அதிகாரி, சான்றொப்பம் இட வேண்டும். அது சரியில்லை என்றால் வாக்குச்சீட்டு இருக்கும் உள்உறையைப் பிரிக்கவே கூடாது. நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் கெசட்டட் அதிகாரியா? ஆம் அல்லது இல்லை. ஒரு சொல்லில் பதில் சொல்லுங்கள்.

முன்னாள் தலைமையாசிரியர்:
ஆம்.

வள்ளியூர் வக்கீல்:
இல்லை.

திசையன்விளை முருங்கை:
விவாதம் இனிதே முடிந்தது. எல்லோரும் கலைந்து போகலாம்.

முன்னாள் தலைமையாசிரியர்:
முடியவில்லை. 'இல்லை' என்கிறவருக்குச் சொல்கிறேன். 2019 அக்டோபர் 1 அன்று சென்னை உயர் நீதிமன்றம் என்ன சொன்னது? அந்த 203 தபால் வாக்குகளையும் எண்ணுங்கள் என்று சொன்னது. தலைமையாசிரியர் கையெழுத்து வெறும் கிறுக்கல் என்றால் நீதிபதி ஏன் அப்படி உத்தரவிட வேண்டும்? நீங்கள் அந்த நீதிமன்றப் படிக்கட்டிலாவது ஏறியிருக்கிறீர்களா? பெயரில்தான் வக்கீலா?

வள்ளியூர் வக்கீல்:
என் சன்னது எண்ணை, அதாவது வக்கீல் பதிவு எண்ணை, கேட்கிற அளவுக்கு வந்துவிட்டீர்களா? சரி. அந்த உத்தரவின் மற்ற பாதியை ஏன் விழுங்குகிறீர்கள்? 19, 20, 21 ஆகிய மூன்று சுற்றுகளின் மின்னணு இயந்திர வாக்குகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. வழக்கே உங்கள் பச்சை மையைப் பற்றி மட்டும் என்பதுபோலப் பேசுகிறீர்கள். அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்ற வளாகத்தில் எண்ணினார்கள். உச்ச நீதிமன்றம் முடிவை வெளியிடத் தடை போட்டது. தடை ஏன் வந்தது?

முன்னாள் தலைமையாசிரியர்:
தடை என்றால் தீர்ப்பா? எட்டாம் வகுப்புக் குடிமையியலில் இதை நடத்தியிருக்கிறேன். தடை என்பது கையைப் பிடித்து நிறுத்துவது. 'உன் கை தப்பு' என்று சொல்வது அல்ல. மூன்று சுற்றைப் பற்றி நான் எதுவும் பேச வரவில்லை. இயந்திரத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேசுங்கள்.

மதுரைக்காரி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 49 என்பது பெரிய அதிசயமா? அதே 2016-இல் காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் 87 வாக்கில் தோற்றார். 2021-இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. இதற்கெல்லாம் மேலே இராஜஸ்தான் இருக்கிறது. 2008-இல் நாத்துவாரா தொகுதியில் சி. பி. ஜோஷி 62,215 வாக்கு வாங்கினார், எதிரே நின்றவர் 62,216. ஒரே ஒரு வாக்கு. அவர் மாநிலக் காங்கிரஸ் தலைவர் வேறு. அவருடைய மனைவியே அன்று வாக்களிக்கப் போகவில்லை என்று அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

திசையன்விளை முருங்கை:
மனைவி போகவில்லை என்பது சரி, அவர் போயிருந்தால் யாருக்குப் போட்டிருப்பார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

மதுரைக்காரி:
கேலி செய்கிறீர்கள். கர்நாடகத்தில் சந்தேமரஹள்ளியில் 2004-இலும் ஒரே வாக்குதான். 40,752-க்கு 40,751. தோற்றவருடைய ஓட்டுநருக்கே வாக்களிக்கப் போக நேரம் கிடைக்கவில்லை என்பார்கள்.

வள்ளியூர் வக்கீல்:
'என்பார்கள்', 'பத்திரிகையில் வந்தது'. தோற்றவன் வீட்டில் எப்போதும் ஓர் ஓட்டுநர் இருப்பார், ஒரு மனைவி இருப்பார். இராதாபுரத்தில் அந்த இடத்துக்கு 203 வாத்தியார்கள் கிடைத்தார்கள். நான் சொன்னதும் அதுதானே?

முன்னாள் தலைமையாசிரியர்:
பாருங்கள், மறுபடியும்! ஓட்டுநர் வாக்களிக்கவே போகவில்லை. இந்த 203 பேர் போட்டார்கள். போட்ட வாக்கை எண்ணாமல் வைத்ததும், போடாமல் வீட்டில் படுத்திருந்ததும் உங்களுக்கு ஒன்றா?

பச்சை மையைப் பற்றி ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன், விஷயத்துக்கு வெளியேதான், இருந்தாலும் சொல்கிறேன். நான் பணியில் இருந்தபோது பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பையனுக்குச் சாதிச் சான்றிதழ் நகலில் சான்றொப்பம் இட்டுக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனான். அங்கிருந்தவர் பார்த்துவிட்டு, "நீல மையில் போட்டிருக்கிறது, பச்சையில் வாங்கி வா" என்று திருப்பி அனுப்பினார். பையன் ஒன்பது கிலோமீட்டர் சைக்கிளில் திரும்பி வந்தான். நான் பச்சைப் பேனா வாங்கி மறுபடி போட்டேன். அதை வாங்கிக்கொண்டார்கள். அதே கை, அதே பெயர், அதே முத்திரை. மையின் நிறம் மாறியதும் நான் அதிகாரி ஆகிவிட்டேன். இதுதான் இந்த நாட்டில் 'கெசட்டட்' என்ற சொல்லுக்குப் பொருள். இதை வைத்துக்கொண்டு 203 பேரின் வாக்கைத் தள்ளலாமா?

வள்ளியூர் வக்கீல்:
கதை நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் கெசட்டட் அதிகாரி இல்லாமலே பச்சை மையில் போட்டதாக உங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நன்றி அண்ணாச்சி.

முன்னாள் தலைமையாசிரியர்:
நான் எங்கே ஒப்புக்கொண்டேன்? முதல் பதிவிலிருந்தே 'ஆம்' என்றுதானே சொல்லி வருகிறேன்! 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டுக்கொண்டே குழி பறிக்காதீர்கள். என் வயது 71.

பணகுடி பாண்டியன்:
யாராவது இதைக் கவனித்தீர்களா? தேர்தல் பணிக்குப் போகிறவருக்கு அவர் வேலை பார்க்கும் சாவடியின் தலைமை அலுவலரே 13-ஏ-இல் கையெழுத்திடலாம் என்று விதியிலேயே இருக்கிறது. பிறகு ஏன் தலைமையாசிரியரைத் தேடிப் போனார்கள்?

முன்னாள் தலைமையாசிரியர்:
தேர்தல் நாளில் விடியற்காலை நான்கு மணிக்கு மாதிரி வாக்குப்பதிவுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிற மனிதரிடம் போய் "ஐயா, என் தபால் வாக்குக்கு ஒரு கையெழுத்து" என்று நீங்கள் கேட்டுப் பாருங்கள் தம்பி. பிறகு அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? பயிற்சி வகுப்பிலேயே முடித்துவிட்டால் நிம்மதி என்று பக்கத்துப் பெஞ்சில் இருக்கிற தலைமையாசிரியரிடம் நீட்டுவார்கள். அவரும் போட்டுக் கொடுப்பார். நானும் போட்டிருக்கிறேன், வேறு தேர்தல்களில். என் கையெழுத்துள்ள உறைகள் எண்ணப்பட்டனவா, குப்பைக்குப் போயினவா? அதை நினைத்தால்தான் எனக்கு எரிகிறது.

வள்ளியூர் வக்கீல்:
அப்படிச் சொல்லுங்கள். எரிச்சல் இராதாபுரத்துக்காக அல்ல, சொந்தக் கையெழுத்துக்காக.

பணகுடி பாண்டியன்:
அப்பாவு ஐயா மூன்று முறை உதயசூரியனில் ஜெயித்த தொகுதி இது. 203-ஐ எண்ணியிருந்தால் நான்காவது முறையும் ஜெயித்திருப்பார். அவ்வளவுதான் விஷயம்.

திசையன்விளை முருங்கை:
மூன்று முறை உதயசூரியனிலா? 1996-இல் தமிழ் மாநிலக் காங்கிரஸ், 2001-இல் சுயேச்சை, 2006-இல்தான் திமுக. 2011-இல் தேமுதிகவின் மைக்கேல் ராயப்பன் ஜெயித்தார். நம் ஊர் வரலாற்றை நாமே கட்சிக்கொடியில் சுற்றிக் கொடுக்க வேண்டாம்.

பணகுடி பாண்டியன்:
மூன்று முறை ஜெயித்தாரா இல்லையா?

திசையன்விளை முருங்கை:
ஜெயித்தார். எந்தச் சின்னத்தில் என்பதுதான் கேள்வி.

பணகுடி பாண்டியன்:
ஜெயித்தார் அல்லவா? அது போதும்.

மதுரைக்காரி:
2021-இல் அதே இருவரும் மோதி அப்பாவு 5,925 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து, சபாநாயகராகவும் ஆகிவிட்டார். இன்னும் ஏன் 2016-ஐக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?

முன்னாள் தலைமையாசிரியர்:
அம்மா, 2021-ஐ யார் கேட்டார்கள்? பசித்தவனுக்கு ஐந்து வருடம் கழித்து விருந்து வைத்தால் அன்றைய பட்டினி இல்லை என்று ஆகிவிடுமா? 2019-இல் எண்ணினார்கள். முடிவு வெளியே வராமலே 2021-இல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளும் முடிந்தது. ஐந்து ஆண்டு யார் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலி அது என்பதை நாற்காலி காலியாகும்வரை சொல்லவில்லை.

வள்ளியூர் வக்கீல்:
203-இல் எத்தனை யாருக்கு விழுந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? 203 வாத்தியார்களும் ஒரே கட்சி என்கிறீர்களா? அப்படியானால் வகுப்பறையில் என்ன நடந்தது என்று எங்களுக்கும் கவலை வருகிறது.

முன்னாள் தலைமையாசிரியர்:
யாருக்கு விழுந்தது என்று நான் சொல்லவே இல்லை! இன்பதுரைக்கே 203-ம் விழுந்திருந்தாலும் எண்ண வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நீங்கள் மட்டும்தான் எல்லாவற்றிலும் கட்சியைப் பார்க்கிறீர்கள். திரும்பவும் கேட்கிறேன்: தலைமையாசிரியர் கையெழுத்து செல்லுமா, செல்லாதா?

வள்ளியூர் வக்கீல்:
செல்லாது. விதியில் கெசட்டட் என்று இருக்கிறது.

முன்னாள் தலைமையாசிரியர்:
செல்லும். உயர் நீதிமன்றம் எண்ணச் சொன்னது.

வள்ளியூர் வக்கீல்:
உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

முன்னாள் தலைமையாசிரியர்:
தடை தீர்ப்பு அல்ல!

திசையன்விளை முருங்கை:
இதை ஏற்கெனவே படித்த மாதிரி இருக்கிறதே. பக்கத்தைத் தவறுதலாக மேலே தள்ளிவிட்டேனோ?

பணகுடி பாண்டியன்:
முருங்கை, 2001-இல் சுயேச்சையாக நின்றபோதும் மக்கள் ஆளைப் பார்த்துத்தான் போட்டார்கள். சின்னத்தைப் பற்றி நீங்கள் சொன்னதைத் திரும்பப் பெறுங்கள்.

திசையன்விளை முருங்கை:
நான் சொன்னதும் அதுதானே? சுயேச்சை என்றேன். எதைத் திரும்பப் பெறுவது?

வள்ளியூர் வக்கீல்:
தலைமையாசிரியர் ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். உங்கள் பையன் திரும்பக் கொண்டுவந்த நகலில் நீல மைக் கையெழுத்தை அடித்துவிட்டுப் பச்சையில் போட்டீர்களா, அதன் மேலேயே போட்டீர்களா? மேலெழுத்து இருந்தால் அதுவும் செல்லாது.

முன்னாள் தலைமையாசிரியர்:
புதிய நகல் எடுத்துப் போட்டேன். ஐம்பது பைசா ஜெராக்ஸ், என் சொந்தக் காசு. நாளைக் காலை அந்த உத்தரவை வரிவரியாகத் தட்டச்சு செய்து இங்கே போடுகிறேன். கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வள்ளியூர் வக்கீல்:
போடுங்கள். கீழே சான்றொப்பம் வேண்டும். பச்சை மையில்.