மண்புழுத் தொட்டியில் சூடு ஏறாது: மாடித் தோட்டத்தில் நான் கண்டவை

வீட்டுக் கழிவில் செய்த உரத்தில் நோய்க்கிருமிகள் இருக்குமா என்று கேட்டவருக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன்.

உரம் கறுத்து உதிரியாகி மண்வாசனை வந்துவிட்டால் அது மட்கிவிட்டது என்று கொள்ளலாமே தவிர, கிருமிகள் அழிந்துவிட்டன என்று கொள்ள முடியாது. சால்மோனெல்லா, ஈ.கோலை போன்றவற்றை மட்குக் குவியலில் நம்பகமாக அழிப்பது வெப்பமே. கழிவுநீர்க் கசடுக்கான அமெரிக்க விதிகள், மூடிய கலனில் 3 நாட்களும் நீள்குவியலில் 15 நாட்களும் 55 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூடு வேண்டும் என்கின்றன; ஓரத்தில் சூடுபடாமல் கிடப்பதும் நடுவுக்கு வர வேண்டும் என்பதால், நீள்குவியலை அதற்குள் 5 முறையாவது புரட்டவும் சொல்கின்றன.

எங்கள் குடியிருப்பின் பொதுக் குவியல் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் இருக்கும். நீண்ட தண்டுள்ள வெப்பமானியைச் செருகிப் பார்த்தபோது அதன் நடுப்பகுதி 60 டிகிரியைத் தாண்டியிருந்தது. மாடியில் நிழலில் வைத்திருக்கும் துளையிட்ட வாளியோ, சுற்றியுள்ள காற்றைவிடச் சற்றே வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவு சிறிய கலனில் உண்டாகும் சூடு நிலைக்காமல் வெளியேறிவிடுகிறது.

மண்புழுத் தொட்டியில் இந்தச் சூட்டுக்கே இடமில்லை, ஏனெனில் 35 டிகிரியைத் தாண்டினால் புழுக்கள் தாங்குவதில்லை. புழுவின் குடலும் அங்குள்ள பிற நுண்ணுயிர்களும் கிருமிகளைக் குறைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு குறையும் என்பது நாம் இடும் பொருளையும் காலத்தையும் பொறுத்தது என்பதால், கோழிக் கழிவையும் நாய், பூனைக் கழிவையும் நான் சேர்ப்பதே இல்லை.

என்னை அதிகம் கவலைப்படுத்தியது வேறொன்று. பக்கத்து வீட்டு அக்கா, தொட்டியின் அடியில் வடியும் கருநீரைக் கொத்தமல்லித் தழையின்மேல் தெளித்து, மறுநாளே பறித்துப் பச்சையாகத் துவையல் அரைத்துவந்தார். "அக்கா, இதை முருங்கைக்கும் வாழைக்கும் வேரில் மட்டும் ஊற்றுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். இப்போது அப்படித்தான் செய்கிறார்.

மூச்சு வழியாக வரும் ஆபத்தும் உண்டு. 1980களின் இறுதியில் தென் ஆஸ்திரேலியாவில் பரவிய ஒருவகை நிமோனியாவுக்குக் காரணமான லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா, தொட்டிச் செடிகளுக்கான மண்கலவையில் கண்டறியப்பட்டது. அங்கு விற்கும் மண்கலவைப் பைகளில் இதற்கான எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. முதியவர்களும் நுரையீரல் நோய் உள்ளவர்களும் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும்: உரப்பையை முகத்துக்கு நேரே பிரிக்காமல், தூசி எழாதபடி நீர் தெளித்து, முகக்கவசத்துடன் கையாளுங்கள்.