டிராகனுக்குத் தீ எங்கிருந்து வரும்? உதவுங்க

ஆனைமலைக் காட்டில் டிராகன் வாழ்வதாக ஒரு நாவல் எழுதுகிறேன். மந்திரம் கிடையாது, உடற்கூறு நம்பும்படி இருக்க வேண்டும். எடைக்கு, டைனோசர் காலத்தில் பறந்த ராட்சத ஊர்வனமான குவெட்சால்கோட்லஸ் மாதிரி போதும்: இறக்கை விரிப்பு சுமார் 10 மீட்டர், உடல் 200 கிலோ.

தீதான் சிக்கல். கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்த எங்கள் காங்கேயம் மாடு அசைபோடும்போது யோசனை வந்தது. மாட்டின் முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்குகின்றன, ஏப்பமாக வெளியேறுகிறது. ஆனால் அவ்வளவு பெரிய வயிற்றைச் சுமந்துகொண்டு எப்படிப் பறப்பது? பாம்பார்டியர் வண்டு ஹைட்ரோகுவினோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஏறத்தாழ 100 டிகிரியில் பீய்ச்சும். அது சுடும், தீப்பிடிக்காது.

காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும் திரவம் ஓர் உயிரின் உடலில் சுரக்க முடியுமா? அப்புறம், வெப்ப இரத்தப் பிராணி என்றால் தினமும் எத்தனை கிலோ இறைச்சி வேண்டும்? கால்நடை மருத்துவம், வேதியியல் படித்தவர்கள் சொல்லுங்க.